சீர்த் தட்டு வரும் இடம்

நரிக்குடி
9-6-2008

திருமதி சுபலட்சுமி அவர்களுக்கு,

சென்னகேசவன் எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்க மனசு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

ராஜகுருவிடம் நீங்கள் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. ஆவணியில் உங்கள் இளையவள் யுவராணிக்குக் கல்யாணம், பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயரைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடப்பிறந்த தம்பியிடம் பெரியம்மா மகனை விட்டுக் கேட்கிறீர்கள். நான் போனை எடுப்பதில்லை என்றும் அவனிடம் குறைப்பட்டீர்களாம். எடுக்கமாட்டேன். எடுத்தால் நீங்கள் அழுவீர்கள், நானும் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுவேன். எழுத்தில் இருந்தால் யார் என்ன சொன்னார்கள் என்று பிறகு மாற்ற முடியாது.

தை மாதம் மூத்தவள் தேவிபிரியா கல்யாணத்தில் நான் சீர்த் தட்டைத் தூக்கி வந்தேன். நீங்கள் அதைக் கையில் வாங்காமல் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டீர்கள். மண்டபமே பார்த்தது. தட்டை ஜமுக்காளத்தில் வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன். யார் மூலமாகக் கேட்டாலும் அப்படி நடக்கவே இல்லை என்று சாதிக்கிறீர்கள். சரி, வீடியோ வரட்டும், அதில் தெரிந்துவிடும் என்று பொறுமையாக இருந்தேன்.

பங்குனியில் டிவிடி அனுப்பினீர்கள். என் ஜவுளிக்கடைக்கு நீங்கள் கொடுத்த கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை அழைப்பு இழுத்து இழுத்தாவது ஓடுகிறது. சீர் வரிசை மண்டபத்துக்குள் நுழைந்து நான் வருகிற இடத்தில் படம் நின்றுவிடுகிறது. சத்தம் கரகரக்கிறது. அடுத்துப் பார்த்தால் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கிறார்கள். எத்தனை தடவை போட்டாலும் அதே இடம்தான். என் கம்ப்யூட்டரில் கோளாறு என்று சொல்லிவிடாதீர்கள். பாட்டு சிடி போட்டால் அருமையாகப் பாடுகிறது.

நீங்கள் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவர். படத்தில் வெட்டுவதும் ஒட்டுவதும் உங்களுக்குத் தெரியாத வேலையா? இன்னொன்று. நீங்கள் புதுசு போல என்று சொல்லிக் கொடுத்த அந்தப் பெட்டியின் கடிகாரம் 2002ஆம் வருஷத்தைக் காட்டுகிறது. எந்தக் காலத்துப் பெட்டியைத் தம்பி தலையில் கட்டினீர்கள் என்று அதுவே சொல்கிறது.

அடுத்த வீட்டில் டிவிடி பிளேயர் இருக்கிறது. அக்காள் எனக்கு முதுகு காட்டிய கதையை அடுத்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வெட்டிய துண்டு வந்து சேரும் வரை என் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
சென்னகேசவன்


அருப்புக்கோட்டை
13-6-2008

தம்பி சென்னகேசவனுக்கு,

திருமதி, அவர்களுக்கு என்றெல்லாம் போட்டிருந்ததால் ஈ.பி. ஆபீஸிலிருந்து வந்த கடிதமோ என்று உறையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். நாம் வீட்டில் தெலுங்கில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். தெலுங்கு எழுத்து நம் இருவருக்குமே தெரியாது. அதனால் தமிழில் எழுதும்போது உன் கோபத்துக்கு ஒரு ஆபீசர் தோரணை வந்துவிடுகிறது. எனக்கு அந்தத் தோரணை வராது. நீ, வா, போ என்றுதான் எழுதுவேன்.

டிஸ்க்கில் ஒரு நொடிகூட வெட்டவில்லை. நம் குலதெய்வம் சௌடேஸ்வரி மேல் சத்தியம். நீ வருகிற இடம் என் கடைக் கம்ப்யூட்டரில் நிற்காமல் ஓடுகிறது. நான் பார்த்திருக்கிறேன்.

அங்கே ஏன் நிற்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். சீர் வரிசை வரும்போது கூட்டம், பூ, பட்டு, கேமராக்காரனின் லைட் எல்லாம் சேர்ந்து படத்தில் விவரம் அதிகம். டிஸ்க்கைப் படிக்கிற டிரைவ் அந்த இடத்தில் வேகமாகப் படித்துத் தள்ள வேண்டும். உன் டிரைவ் தள்ளவில்லை. பாட்டு சிடிக்கு அந்த வேகம் தேவையில்லை, அதனால் பாடுகிறது.

கடிகாரம் 2002 காட்டுகிறது என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நான் கொடுக்கும்போது தேதி சரியாக இருந்தது. உள்ளே பலகையில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் தேதியையும் பெட்டியின் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அதை யாரோ கழற்றியிருக்கிறார்கள். கழற்றினால் எல்லாம் அழிந்து பழைய வருஷத்துக்குப் போய்விடும்.

யார் கழற்றியது? உன் வீட்டுக்கு வந்து போகிறவர்களில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பது உன் மச்சினன் பாலமணிகண்டன் ஒருவன்தான். மதுரையில் ஏதோ கோர்ஸில் சேர்ந்துவிட்டுப் பாதியில் வந்தவன். நான் போட்டுக் கொடுத்த டிரைவ் இன்னும் உள்ளே இருக்கிறதா, இல்லை வேறு ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பார்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். படம் ஓடாமல் இருப்பதுதான் உனக்கு வசதியோ என்னவோ. ஓடாதவரைக்கும் நீ சொன்னதுதான் நடந்தது.

ஆடி பிறந்துவிட்டால் பத்திரிகை அச்சுக்குக் கொடுக்கமாட்டோம் என்பது உனக்குத் தெரியும். அதற்குள் உன் பெயரா, ராஜகுரு பெயரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா,
சுபலட்சுமி


நரிக்குடி
18-6-2008

அக்கா அவர்களுக்கு,

பாலமணிகண்டனைப் பற்றி எழுதியதை சௌடம்மாள் படித்துவிட்டாள். தன் தம்பியைத் திருடன் என்று எழுதினால் எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்? "ஒங்க அக்கா வீட்டு விசேசத்துக்கு இனி நான் எதுக்கு வாரேன்? நீங்க மட்டும் போங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு துணை இருந்தது, அதையும் கெடுத்தீர்கள்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் ஒட்டிய உங்கள் கடை ஸ்டிக்கர் டிரைவின் தலையில் அப்படியே இருக்கிறது. மச்சினன் என் பெட்டியைத் தொட்டதே இல்லை. தொட்டவன் நான்தான்.

போன ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவிவிட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜையன்று தறியில் ஒரு இழைகூட ஓடக்கூடாது, கத்திரிகூட வாய் திறக்கக்கூடாது என்றுதானே நம் வீட்டில் பழக்கம். கம்ப்யூட்டரை அணைத்து ஒயரைப் பிடுங்கி வைத்தேன். மறுநாள் மறுபூஜைக்குப் போடும்போது பார்த்தால் கடிகாரம் மணியைச் சரியாகக் காட்டுகிறது! ஒயரைப் பிடுங்கிய பிறகும் ராத்திரி பகலாக உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மற்றதெல்லாம் ஓய்வெடுக்க இது மட்டும் வேலை பார்த்திருக்கிறது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மூடியைத் திறந்து அந்த வட்டப் பேட்டரியை எடுத்து, பொட்டு வைத்து, சாமி படத்தடியில் ஒரு நாள் வைத்து, பிறகு மாட்டினேன்.

மாட்டிப் போட்டதும் பெட்டி கீச்சென்று கத்தியது. இங்கிலீஷில் ஏதேதோ எழுதி டெலீட்டை அழுத்து என்றது. அழுத்தினேன், நீலத்தில் ஒரு பக்கம் வந்தது. அதில் ஒரு வரியில் சேஃப் என்று இருந்தது. பாதுகாப்புதானே என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டி ஓடியது. அன்றிலிருந்து இன்றுவரை பில் போடுகிறது, ஸ்டாக் காட்டுகிறது, ஒரு குறையும் இல்லை.

சாமிக்கு வைத்த பேட்டரியால் படம் நின்றது என்று நீங்கள் சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. எதையாவது காரணம் காட்டி வெட்டியதை மறைக்கிறீர்கள்.

சென்னகேசவன்


அருப்புக்கோட்டை
23-6-2008

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கடையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்ததில் உன் மாமா எழுந்து வந்து, "என்ன, சமாதானமாயிட்டாரா ஒன் தம்பி?" என்று கேட்டார். இல்லை, பேட்டரிக்கு லீவு கொடுத்திருக்கிறான் என்றேன். எத்தனையோ வருஷமாகப் பெட்டிகளைத் திறந்து பார்க்கிறேன். எறும்பு இருந்திருக்கிறது, பல்லி முட்டை இருந்திருக்கிறது. பொட்டு வைத்த பேட்டரியைப் பார்த்ததில்லை.

சிரித்தது போதும். பாலமணிகண்டனைச் சொன்னது தப்பு. சௌடம்மாளிடம் நான் சொன்னதாகச் சொல். நம்பமாட்டாள் என்றால் இந்த வரியைக் காட்டு.

நீ பாதுகாப்பு என்று தேர்ந்தெடுத்தாயே, அது பெட்டி எப்படியாவது ஓடினால் போதும் என்று எல்லாவற்றையும் மெதுவாக்கி வைக்கும் ஏற்பாடு. அதில் உன் டிவிடி டிரைவின் வேக வழியும் அடைபட்டுவிட்டது. உன் கடையை வைத்துச் சொல்கிறேன். லோடு வந்ததும் லோடுமேன் நேராக அலமாரிக்குக் கொண்டுபோய் அடுக்கினால், நீ கல்லாவில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்க்கலாம். அதற்கு டிஎம்ஏ என்று பெயர். ஒவ்வொரு சேலையாக நீயே எழுந்து போய் வாங்கி வைக்க வேண்டும் என்றால் வந்தவர்களை யார் கவனிப்பது? அது பிஐஓ. இப்போது உன் பெட்டி ஒவ்வொரு சேலையாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. சீர் வரிசை வரும்போது லோடு ஏறிவிடுகிறது, மூச்சு முட்டி நிற்கிறது.

சரிசெய்வது சுலபம். பெட்டியைப் போட்ட உடனே டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இரு. நீ பார்த்த அதே நீலப் பக்கம் வரும். அதில் இன்டகிரேட்டட் பெரிபெரல்ஸ் என்ற வரிக்குப் போய் என்டர் தட்டு. உள்ளே ஐடிஇ என்று தொடங்கும் வரிகள் இருக்கும். செகண்டரி மாஸ்டர் யூடிஎம்ஏ என்ற வரியைத் தேடு. எதிரே டிஸேபிள்டு என்று இருக்கும் என்பது என் ஊகம். பேஜ் அப் விசையைத் தட்டினால் ஆட்டோ என்று மாறும். பிறகு எஃப் டென். சேமிக்கவா என்று கேட்கும், ஒய் தட்டி என்டர் கொடு. வேறு எந்த வரியிலும் கை வைக்காதே.

அதன்பிறகு டிஸ்க்கைப் போட்டுப் பார். நான் வெட்டினேனா என்று அப்புறம் சொல்.

சுபலட்சுமி


நரிக்குடி
30-6-2008

அக்கா,

நீங்கள் எழுதியபடியே நீலப் பக்கத்துக்குப் போனேன். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன வரி இருந்தது. எதிரே டிஸேபிள்டு என்றுதான் இருந்தது.

அங்கேதான் எனக்கு சந்தேகம் வந்தது. என் பெட்டியைப் பார்க்காமல், இங்கே வராமல், எந்த வரியில் என்ன எழுதியிருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களே அப்படி வைத்துக் கொடுத்திருந்தால்தானே தெரியும்?

மேலே பிரைமரி மாஸ்டர் என்று ஒரு வரி இருக்கிறது. என் டிரைவை மட்டும் செகண்டரியில் வைத்திருக்கிறீர்கள். முதலிடம் யாருக்கு? பெட்டிக்குள்ளும் என்னை இரண்டாம் இடத்தில்தான் உட்கார வைக்க வேண்டுமா? வேறு வரியில் கை வைக்காதே என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வேறு வரியில் அப்படி என்ன இருக்கிறது?

மச்சினன் வந்திருந்தான். கேட்டேன். "மாமா, அதுல மாத்துனா டிரைவே செத்துப்போனாலும் போகும். அவுக வேணும்னே சொல்றாகளோ என்னவோ" என்றான். நீங்கள் மன்னிப்புக் கேட்ட வரியை அவனும் படித்தவன்தான், ஆனாலும் இப்படிச் சொன்னான். டிரைவ் செத்துவிட்டால் டிஸ்க் ஓடவே ஓடாது. வெட்டினீர்களா இல்லையா என்று கேட்கவே வழியில்லாமல் போகும். யாருக்கு லாபம்?

எஸ்கேப் அடித்து வெளியே வந்துவிட்டேன். எதையும் மாற்றவில்லை.

சென்னகேசவன்


அருப்புக்கோட்டை
4-7-2008

சென்னகேசவா,

போதும்டா.

பிரைமரியில் இருப்பது ஹார்ட் டிஸ்க். உன் கடைக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது, அதனால்தான் அதற்கு முதலிடம். டிவிடி டிரைவுக்கு ஊர் முழுக்க எல்லாப் பெட்டியிலும் செகண்டரியில்தான் கேபிள் மாட்டுவோம். கலெக்டர் ஆபீஸ் பெட்டியிலும் அப்படித்தான். வேறு வரியில் கை வைக்காதே என்றது ஹார்ட் டிஸ்க் வரியை மாற்றிக் கடையை மூடிவிடாதே என்பதற்காக. சேஃப் என்று பார்த்ததும் அழுத்தியவன் நீ. உன்னிடம் வேறு எப்படி எழுதுவது?

டிஸேபிள்டு என்று இருக்கும் என எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாய். இருமலைக் கேட்டதுமே டாக்டர் நோயைச் சொல்கிறார் இல்லையா, அப்படித்தான். இது என் தொழில்.

ஆட்டோ என்று மாற்றினால் டிரைவ் சாகாது. செத்தால் என் கடையிலிருந்து வேறொன்று அனுப்புகிறேன், பாலமணிகண்டனே வந்து வாங்கிக்கொண்டு போகட்டும்.

என்னால் இதற்கு மேல் முடியாது. யுவராணி தினமும் கேட்கிறாள், "மாமா பேரு போட்டாச்சாம்மா?" என்று. நேற்று ராஜகுருவிடம் கேட்டுவிட்டேன். உன் இடத்தில் நின்று மாலை எடுத்துக் கொடுக்க அவன் சம்மதித்துவிட்டான். "இருந்தாலும் அவன் இருக்கும்போது நான் எப்பிடிக்கா நிக்கிறது" என்று தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தான். ஆடி பிறப்பதற்கு முன்னால் அச்சகத்துக்குப் போவேன். அதற்குள் நீ அந்த ஒரு வரியை மாற்றிப் படத்தைப் பார்த்தால் பார். பார்க்காவிட்டால் உன் சந்தேகத்தையே கட்டிக்கொண்டு கிட.

சுபலட்சுமி


நரிக்குடி
9-7-2008

அக்கா,

மாற்றினேன். ஆட்டோ போட்டு, எஃப் டென் அடித்து, ஒய் கொடுத்தேன். டிரைவ் சாகவில்லை.

படம் தண்ணீர் மாதிரி ஓடியது. சௌடம்மாளும் பக்கத்தில் இருந்தாள்.

நான் தட்டோடு வருகிறேன். உன் கையில் சந்தனக் கிண்ணம் இருக்கிறது. நீ திரும்புகிறாய். இந்த இடம்தான் எனக்குத் தெரிந்த இடம். இதற்கு மேல் நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அதற்குள் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். படத்தில் நீ கிண்ணத்தை யுவராணியிடம் கொடுக்கிறாய். கொடுத்துவிட்டு உடனே திரும்பி இரண்டு கையையும் நீட்டுகிறாய். கை முழுக்கச் சந்தனம். எதிரே நான் இல்லை. என் முதுகு திரை முழுக்க இருக்கிறது, அது வாசலைப் பார்த்துப் போகிறது. நீ கையை மடக்கவே இல்லை. கேமராக்காரனும் விடாமல் எடுத்திருக்கிறான்.

"பாத்தீகளா, ஒத்தக் கையால சீர் வாங்கக்கூடாதுன்னுல்ல கிண்ணத்தக் குடுத்திருக்காக" என்றாள் சௌடம்மாள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உனக்கு வெட்டத் தெரியும். ஒரு நிமிஷ வேலை. பார்க்கிறவர்கள் எல்லோரும், தம்பி வைத்துவிட்டுப் போன பிறகு வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று உன்னைத்தானே பார்ப்பார்கள்? அசிங்கம் உனக்குத்தானே? தேவிபிரியா மாமியார் வீட்டிலும் இதே டிஸ்க்தானே போயிருக்கிறது? பிறகு ஏன் விட்டு வைத்தாய்? நான் எப்படிப்பட்டவன் என்று ஊருக்குக் காட்டவா? என்றைக்காவது என் முகத்தில் விட்டெறியலாம் என்று வைத்திருந்தாயா? எதுவாக இருந்தாலும் நேராகச் சொல். ஏன் வெட்டவில்லை?

சென்னகேசவன்


அருப்புக்கோட்டை
12-7-2008

தம்பிக்கு,

கேமராக்காரன் கொண்டுவந்த படத்தை முதலில் மாமாவும் நானும்தான் பார்த்தோம். அந்த இடம் வந்ததும் மாமா எழுந்துவிட்டார். "இத மட்டும் வெட்டிருவோம் சுபா, சம்பந்தி வீட்ல பாத்தா ஒருமாதிரி இருக்கும்" என்றார். நானும் வெட்டத்தான் உட்கார்ந்தேன். உன் மேல் அவ்வளவு கோபம். பொய் சொல்லமாட்டேன்.

வெட்டுவதற்கு முன்னால் நீ வேறு எங்கெல்லாம் இருக்கிறாய் என்று தேடினேன். மணமேடையில் பார்த்தேன், நீ இல்லை. பந்தியில் இல்லை. குரூப் போட்டோ எடுக்கும்போது உனக்கு விட்ட இடத்தில் ராஜகுரு நிற்கிறான். வாசலில் ஐஸ்கிரீம் கொடுக்கிற கூட்டத்திலும் பார்த்தேன். மூன்று மணி நேரப் படத்தில் நீ இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். அதையும் வெட்டினால் தேவிபிரியா கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவே இல்லை என்று ஆகிவிடும். நாளைக்கு அவள் பிள்ளை போட்டுப் பார்த்து, "ஒம் மாமா எங்கம்மா?" என்று கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்? முதுகாவது இருக்கட்டும் என்று விட்டேன். இதற்காக எனக்கு அசிங்கம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இன்று காலை அச்சகத்துக்குப் போய் வந்தேன். ராஜகுரு பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். அவனிடம் சொன்னபோது, "அப்பாடா" என்று அவனே சிரித்தான். உன் பெயரும் சௌடம்மாள் பெயரும் சேர்ந்தே வருகிறது. அவளைக் கூட்டிக்கொண்டு வா. பாலமணிகண்டனும் வரட்டும்.

வருகிற ஆயுத பூஜைக்குப் பெட்டியை அணைத்தால் போதும், பேட்டரியைத் தொடாதே.

மாமன் சீர் வருகிற நேரத்துக்குச் சந்தனக் கிண்ணத்தைப் பிடிக்க வேறு ஆள் வைத்துவிட்டேன். நான் கையில் எதையும் வைத்திருக்கமாட்டேன். நீ மட்டும் தட்டைக் கீழே வைக்காமல் கொஞ்சம் நில்.

அக்கா